அலைவரி மரம் வாங்குவோர் செய்யும் தவறுகள்

கிட்டார், வயலின் செய்யப் பழகும் தம்பிகள் கோயம்புத்தூர் மரக்கடைகளில் அலைவரிப் பலகை, அதாவது நார் அலையலையாக ஓடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாக மின்னும் பலகை, பொறுக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். புழு அரித்ததையும் வெடித்ததையும் யாரும் வாங்குவதில்லை, அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசைத் தின்பவை வேறு.

தண்ணீர் தொட்டுத் தரம் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கடைக்காரர் ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பார், மங்கிக் கிடந்த அலைவரி பளிச்சென்று எழும், அதோடு பேரம் முடிந்துவிடும். கோபிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கிட்டார் முதுகுக்கு மேப்பிள் ஜோடி வாங்கியது இப்படித்தான். 3 மில்லிமீட்டருக்கு இழைத்து வைத்தார். பங்குனி வெயிலில் இரண்டு பலகையும் முறம் மாதிரி வளைந்துவிட்டன.

பலகையின் தலைப்பை, அதாவது குறுக்கே அறுத்த முனையை, அவர் பார்க்கவே இல்லை. அங்கே மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகையின் அகல முகத்தோடு படுத்துக் கிடந்தன. மரம் காயும்போது வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைவிட, வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிற பலகையே முதல் தரம், அலை சற்றுக் குறைந்தாலும் சரி.

அப்புறம் ஈரம். 100 கிராம் துண்டை 103 டிகிரி செல்சியஸில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவையுங்கள். 80 கிராம் ஆனால் ஈரம் 25 சதவீதம். பலரும் 20 என்கிறார்கள். இழந்த எடையைக் காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று, பங்குனியில் வறட்சி என்று நம் ஊரில் காற்று மாறிக்கொண்டே இருக்கும். வாங்கியதும் இழைக்காமல், இடையில் குச்சி வைத்து அடுக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை வாரம் ஒருமுறை எடை போடுங்கள்.

கடைசியாகத்தான் அலை. காய்ந்த முகத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பலகையைத் திருப்புங்கள். உண்மையான அலையில் வெளிச்சமும் இருளும் இடம் மாறும். கறை நகராது. இழைப்பு மெஷின் தடமென்றால் நகத்தில் தட்டும். இரண்டு முகத்தையும் பாருங்கள்.

மூன்று ஏ, நான்கு ஏ

அலைவரிக்குத் தரம் என்று பலகையில் போடும் எழுத்து இது. இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு வியாபாரியும் தானே போடுகிற எழுத்து.

கழுத்துக்கு அலைவரி

நார் நேராக ஓடாத இடத்தில் பலம் குறையும். கம்பி இழுக்கிற கழுத்துக்கு நேர்வரி மரம் போதும்.

பழைய வீட்டு உத்திரம்

உள்ளே ஆணி இருக்கலாம், காந்தம் தடவாமல் ரம்பம் வைக்காதீர்கள்.

ரசீது இல்லாத ஈட்டி

ஈட்டி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள மரம். எங்கிருந்து வந்தது என்று காட்டத் தாள் இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.