வறண்டுபோன ஜெபம் திரும்பிய விதம்

ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், பாட்டெல்லாம் பாடுவேன், உள்ளே மட்டும் ஒன்றும் அசையாது. ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் முடிக்கும் அட்டவணை எனக்கு ஒத்துவரவில்லை. சட்டதிட்டங்கள் நிறைந்த மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே மூச்சு முட்டிவிடும் (பலருக்கும் அங்கேதான் நிற்கும் என்று நினைக்கிறேன்). அதை ஓரமாக வைத்துவிட்டு வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 119-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். மொத்தம் 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி. காலையில் செல்போனைத் தொடுவதற்கு முன்னே ஒரு பகுதி மட்டும், வாய்விட்டு, மெதுவாக. 25-ஆம் வசனத்தில் "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று வந்ததும், அட, இது என் கதைதானே என்று அதையே ஜெபமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன், வெகுநாளைக்கு அப்புறம் கண் கலங்கியது. இப்போது வாசிப்பது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம்தான். எதுவும் தோன்றாத நாளும் உண்டு. அன்றைக்கும் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.