கப்பல் யார்டுல வேலை பார்த்தவரைப் பத்தி நினைவுக்குறிப்பு எழுதணுமா? மொதல்ல டூல் பாக்ஸைத் திறங்க

"கடின உழைப்பாளி, இயற்கையை நேசிச்சவர், எல்லார்கிட்டயும் அன்பா பழகினவர்." எங்க பெரியப்பா போனப்ப நான் எழுதின முதல் டிராஃப்ட் இதுதான். படிச்சுப் பார்த்த பெரியம்மா "இது யாரைப் பத்திடா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான், இந்த மூணு வரியை எந்த வீட்டுப் பெரியவருக்கும் ஒட்டலாம். முப்பது வருஷத்துக்கு மேல யார்டுல ஃபிட்டரா இருந்துட்டு, லீவு கெடச்சா தூண்டிலைத் தூக்கிட்டுக் கிளம்பிடுற மனுஷன் தன்னைப் பத்தி எதையும் எழுதி வச்சிட்டுப் போகமாட்டாரு, பேசவும் மாட்டாரு. அதனால அவரு கை பட்ட பொருள்ல இருந்துதான் நாம ஆரம்பிக்கணும்.

மொதல்ல அவரு யார்டுல என்ன வேலை பார்த்தாருன்னு சரியா தெரிஞ்சுக்கோங்க. "கப்பல் கட்டினாரு"ன்னு பொதுவா எழுதிடாதீங்க. பிளேட்டர் இரும்புத் தகட்டை வெட்டி வளைச்சு கப்பலோட எலும்புக்கூடு மாதிரியான ஃப்ரேமோட சேர்க்கறவர், ரிக்கர் கிரேன்ல தூக்குற லோடைக் கட்டி வழிநடத்துறவர், பைப் ஃபிட்டர் வேற, எலக்ட்ரீஷியன் வேற. வெல்டரா இருந்தா அவருக்குன்னு ஒரு அடையாள நம்பர் இருந்திருக்கும், அவரு போட்ட ஜாயின்ட் பக்கத்துல அந்த நம்பரை அடிச்சு வைப்பாங்க, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வெல்டிங் சரியில்லன்னா யாரைக் கூப்பிடணும்னு தெரியறதுக்கு. அந்த நம்பர் வீட்ல எங்கயாவது எழுதியிருந்தா எடுத்து வைங்க, நினைவுக்குறிப்புல அது ஒரு வரியாவது கண்டிப்பா வரணும்.

அடுத்தது கப்பல்கள். இங்கதான் நான் நல்லா சறுக்கினேன். பழைய போட்டோ ஒண்ணுல பெரியப்பா ஒரு பெரிய கப்பல் முன்னாடி நிக்கிறாரு, உடனே "இந்தக் கப்பலைக் கட்டியவர்"னு எழுதிட்டேன். கூட வேலை பார்த்த ஒருத்தர் பார்த்துட்டு "தம்பி, அது ரிப்பேருக்கு டிரை டாக்ல ஏத்தினது, கட்டினது வேற யார்டு"ன்னாரு. டிரை டாக்னா தண்ணியை வெளியேத்திட்டுக் கப்பலோட அடிப்பகுதியில வேலை பார்க்குற தொட்டி. அதனால ஒவ்வொரு கப்பலுக்கும் கட்டினதா இல்ல ரிப்பேரான்னு கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, யார்டுல இருந்தவங்க கப்பலைப் பேர் சொல்லி ஞாபகம் வச்சிருப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. பேர் வைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அதுக்கு யார்டு நம்பர், அதாவது கட்டுற யார்டு குடுக்குற எண், வந்துடும், அவங்க வாயில அந்த நம்பர்தான் வரும். அதையும் கட்டின வருஷத்தையும் வச்சுக் கப்பல் பதிவேடுகள்ல தேடினா பேரைக் கண்டுபிடிச்சிடலாம். பெரிய வணிகக் கப்பலா இருந்தா ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) நம்பர்னு ஏழு இலக்க எண் இருக்கும், 1996-லருந்து அது கட்டாயம். பேர் மாறலாம், ஓனர் மாறலாம், கொடி, அதாவது பதிவு பண்ணின நாடு, மாறலாம், அந்த எண் மட்டும் கடைசி வரைக்கும் மாறாது. போர்க்கப்பலுக்கு இது கிடையாது, அதைக் கடற்படைப் பதிவுகள்லதான் தேடணும்.

தேடும்போது ஒண்ணுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க, நெறைய கப்பல் இப்ப இருக்காது. சரக்குக் கப்பலோட ஆயுசே சுமாரா 25, 30 வருஷம்தான், அப்புறம் உடைக்க அனுப்பிடுவாங்க. பெரியப்பாவோட முதல் கப்பல் அவருக்கு முன்னாடியே போயிடுச்சு. அவருக்குத் தெரிஞ்சிருந்துதா, தெரிஞ்சும் சொல்லலையா, இப்ப யார்கிட்ட கேக்குறது?

கூட வேலை பார்த்தவங்கள்ல உசுரோட இருக்கிறவங்களைச் சீக்கிரம் பிடிங்க, அவங்களுக்கும் வயசாகுது. "அவரு எப்படிப்பட்டவர்?"னு கேட்டா "நல்ல மனுஷன்"னு முடிச்சிடுவாங்க. அதுக்குப் பதிலா "யார்டுலயே யாரும் போக மாட்டேன்னு சொன்ன எடம் எது?"ன்னு கேளுங்க. எனக்கு டபுள் பாட்டம் டேங்க் (கப்பலோட ரெண்டு அடித்தட்டுக்கு நடுவுல இருக்கிற தொட்டி) கதை அப்படித்தான் கெடச்சது, கப்பலோட அடிவயித்துல ஒரு மேன்ஹோல் வழியா உடம்பைக் குறுக்கி நுழைஞ்சு, உள்ள வெக்கையிலயும் சத்தத்துலயும் மல்லாக்கப் படுத்துகிட்டு வேலை பார்த்துட்டு வெளிய வந்தா ரெண்டு காதும் கொய்ங்னு இருக்குமாம். அவரு ஏன் வீட்ல டிவியை அவ்ளோ சத்தமா வைப்பாருன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அனுமதி கேட்டுட்டுப் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, கையால எழுதிகிட்டிருந்தா பாதி விட்டுப்போகும்.

பழைய யார்டு கையுறை, வெல்டிங் போர்வை, இன்சுலேஷன் துண்டு ஏதாவது கெடச்சா உதறாதீங்க, வெட்டாதீங்க, துவைக்கவும் வேணாம். அந்தக் காலத்துல கப்பல்ல சூட்டைத் தாங்குற ஆஸ்பெஸ்டாஸ் நாரைத் தாராளமா பயன்படுத்தினாங்க, புதுசா போடறதை உலக அளவுல முழுசா தடை பண்ணினதே 2011-லதான். அந்தத் தூசியால வர்ற நோய் தலைகாட்ட இருபது, முப்பது, சில பேருக்கு நாப்பது வருஷம் கூட ஆகும். அவரு போனது நுரையீரல் பிரச்சனையாலன்னா, எந்த வருஷம் எந்த வேலை, எந்தக் கப்பல்னு நீங்க சேர்த்த லிஸ்டைப் பத்திரமா வைங்க, குடும்பம் நஷ்டஈடு கேக்கணும்னா அதெல்லாம் தேவைப்படும்.

இப்ப அவரோட இன்னொரு பாதி. தூண்டில் பெட்டியை யாராவது ஒழுங்கா அடுக்கி வைக்கிறதுக்கு முன்னாடி அப்படியே போட்டோ எடுங்க. எந்தக் கொக்கி தேஞ்சிருக்கு, எது பிரிக்காத பாக்கெட்ல கெடக்கு, எதுல ஒட்டுப் போட்டிருக்காரு, இதெல்லாம் அடுக்கினா போயிடும். பெரியப்பா பெட்டியில தூண்டில் முங்கறதுக்குக் கட்டுற, கடையில வாங்கின ஈயக்குண்டு ஒண்ணு கூட இல்ல, எல்லாம் தேஞ்சுபோன நட்டு, யார்டுல தூக்கிப்போட்டதா இருக்கும். அவரோட ரெண்டு வாழ்க்கையும் அந்தப் பெட்டிக்குள்ளயே ஒண்ணா கெடந்துது, நான்தான் தனித்தனியா எழுதிகிட்டு இருந்திருக்கேன்.

வேட்டைக்குப் போனவரா இருந்து துப்பாக்கி இருந்தா, நினைவுப் பொருள்னு நீங்களா யாருக்கும் எடுத்துக் குடுத்துடாதீங்க. லைசென்ஸ் அவரு பேர்ல இருக்கு, குண்டு உள்ள இருக்கான்னும் தெரியாது. வெவரம் தெரிஞ்ச ஆளை வச்சுப் பார்த்துட்டு சட்டப்படி ஒப்படைங்க.

அவரு போன்ல இருக்கிற மீன் போட்டோக்களை ஒரிஜினலாவே காப்பி எடுங்க, சாட்ல ஃபார்வர்ட் பண்ணினா தேதியும் லொக்கேஷனும் பெரும்பாலும் அழிஞ்சிடும். ஒரிஜினல்ல லொக்கேஷன் இருந்தா மேப்ல போட்டுப் பார்க்கலாம், எந்த ஆத்து வளைவுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்காருன்னு தெரியும். ஆனா அந்த எடத்தைக் குறிப்புல எழுதிடாதீங்க. உசுரோட இருந்தப்ப பக்கத்து வீட்டுக்காரருக்கே சொல்லாத எடம் அது.

சபையில வாசிக்கிறதா இருந்தா ஒண்ணரைப் பக்கம் போதும், நாலஞ்சு நிமிஷம். பிறந்த தேதில ஆரம்பிக்கணும்னு ஒண்ணும் இல்ல. நான் டபுள் பாட்டம் டேங்க்ல ஆரம்பிச்சு நட்டுல முடிச்சேன். பெட்டியில இருந்த நட்டெல்லாம் பேரப்பசங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்துகிட்டாங்க. கடைசியா அவரு கட்டின முடிச்சோட ஒரு தூண்டில் மட்டும் அப்படியே சுவத்துல மாட்டியிருக்கு, அதை யாரும் அவுக்கக்கூடாதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க.