ஒரே கட்டுரை, நான்கு வரி: கணினி அறிவியல் துறையின் ஆய்வுப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு ஒரு தடவை, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கு ஒரு தடவை, ஆண்டறிக்கைக்கு ஒரு தடவை. இப்படி வருடத்தில் மூன்று முறையாவது துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் எக்செல் தாள் வந்து விழும். 'உங்கள் பப்ளிகேஷன் விவரங்களை இன்று மாலைக்குள் நிரப்பவும்.' நிரம்பிய தாளைத் தொகுக்கும் வேலை சில வருடங்கள் என் தலையில் இருந்தது. அதில் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அவசரத்தால் வந்தவை. மீதி கால்வாசியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் தொல்லை எண்ணிக்கை. நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையை நான்கு பேரும் தனித்தனியே நிரப்புவார்கள். ஒருவர் ஆண்டு 2022 என்பார், இணையத்தில் வந்த நாளை வைத்து. இன்னொருவர் 2023 என்பார், இதழின் தொகுதி எண் கிடைத்த நாளை வைத்து. மூன்றாமவர் தலைப்பில் ஒரு சொல்லை விட்டிருப்பார். நான்காமவர் ஆர்க்சைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் போட்ட முன்வரைவைக் கொடுத்திருப்பார். எக்செலில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்தினால் நான்கு வரியும் அசையாமல் நிற்கும். தலைப்பை நம்பாமல், ஒவ்வொரு கட்டுரைக்கும் நிரந்தர அடையாளமாகத் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணை முதல் நெடுவரிசையில் வைத்தால் இதில் மூன்று ஒன்றாகிவிடும். நான்காவது மட்டும் தப்பிக்கும். ஆர்க்சைவ் தானே தனி டி.ஓ.ஐ. தருகிறது. அது 10.48550 என்று தொடங்கும். அந்த எண்ணில் ஆரம்பிக்கும் வரிகளை வடிகட்டி, கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது பெயர். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. ஒரு கட்டுரையில் கே. செந்தில்குமார், அடுத்ததில் செந்தில்குமார் கே., பாஸ்போர்ட் எடுத்த பிறகு முன்னெழுத்து விரிந்து செந்தில்குமார் கந்தசாமி. ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளம் இவரை மூன்று ஆளாக வைத்திருக்கும். வேறு இரண்டு ஊர்களில் இருக்கும் கே. செந்தில்குமார்களை இவரோடு ஒட்டியும் வைத்திருக்கும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய டி.பி.எல்.பி. என்ற கணினி அறிவியல் நூற்பட்டியல், ஒரே பெயர்க்காரர்களை 0001, 0002 என்று எண் போட்டுப் பிரிக்கிறது. நாமே செய்யக்கூடியது, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் வாங்குவது. பதினாறு இலக்கம், காசில்லை. வாங்கிக் கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொள்வதால் பயனில்லை, கட்டுரையை அனுப்பும்போதே இதழின் படிவத்தில் பதிய வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். குரோம்பேட்டை மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்காரர்கள் எம்.ஐ.டி. என்று மூன்றெழுத்தோடு நிறுத்திக்கொண்டால், அமெரிக்காவில் வேறொரு எம்.ஐ.டி. சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும்.

கூகுள் ஸ்காலர் கணக்கில் கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ள அனுமதித்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. கணினி ஆசிரியரின் கணக்கில் கல்லீரல் மருந்து பற்றிய கட்டுரை உட்கார்ந்திருக்கும், அதன் மேற்கோள்களும், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் அவர் ஹெச்-இண்டெக்ஸில் ஏறியிருக்கும். இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் விளையாட்டாகவே காட்டினார். ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் போலிக் கட்டுரைகளை இணையத்தில் போட்டார். ஆன்ட்கேரின் ஹெச்-இண்டெக்ஸ் 94 ஆனது.

இனி மதிப்பிடுவதில் நடக்கும் தவறு. 'ஜர்னல் இல்லையா, வெறும் கான்ஃபரன்ஸா?' இந்தக் கேள்வியை வேதியியல் பேராசிரியர் கேட்டால் புரிந்துகொள்ளலாம். கணினித் துறைக்காரரே கேட்டால் என்ன சொல்வது? கூகுள் தேடுபொறியை விளக்கிய பிரின், பேஜ் கட்டுரை 1998இல் ஒரு மாநாட்டில்தான் வந்தது. இன்றைய மொழி மாதிரிகளுக்கெல்லாம் அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை 2017இல் வந்ததும் மாநாட்டில்தான். நல்ல மாநாட்டில் இடம் கிடைப்பது பல ஆய்விதழ்களைவிடக் கடினம். அதற்காகப் பெயரில் 'சர்வதேச' என்று இருப்பதெல்லாம் நல்ல மாநாடு ஆகிவிடாது. பெரிய பதிப்பகத்தின் முத்திரையும் போதாது. எம்.ஐ.டி. மாணவர்கள் (அமெரிக்க எம்.ஐ.டி.தான்) 2005இல் எழுதிய சைஜென் என்ற நிரல், அர்த்தமே இல்லாத கணினிக் கட்டுரைகளை நொடியில் தயாரிக்கும். அப்படித் தயாரானவை 120க்கும் மேல் தங்கள் தொகுப்புகளில் இருப்பது தெரிந்து ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் 2014இல் நீக்க வேண்டி வந்தது. கண்டுபிடித்தவர் அதே லாபே. மாநாட்டின் மதிப்பீட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள், முந்தைய வருடக் கட்டுரைகளில் நமக்குப் பயன்பட்டது ஒன்றாவது உண்டா என்று பாருங்கள்.

'ஸ்கோபஸ்ல இருக்கா சார்?' முனைவர் பட்ட மாணவர்கள் கைடிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அனுப்பும் நாளில் இருந்த இதழ், அச்சாகும் நாளில் பட்டியலிலிருந்து போயிருக்கலாம். அதே பெயர், அதே ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண்ணோடு வேறு முகவரியில் நடக்கும் போலித் தளமாகவும் இருக்கலாம். கூகுளில் தேடிக் கிடைத்த சுட்டியில் பணம் கட்டாதீர்கள், ஸ்கோபஸின் இதழ்ப் பக்கத்திலிருந்து பதிப்பகத்துக்குப் போங்கள். வைலி வாங்கிய ஹிண்டாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பட்டியலில் இருந்த இதழ்கள்தான் அவையும். ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று யு.ஜி.சி. நடத்திவந்த கேர் பட்டியலே 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. ஆக, பட்டியலைக் காட்டித் தப்பிக்கும் வழி குறைந்துகொண்டே வருகிறது.

யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி, ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. அதற்குள் அடக்குவதற்காகச் சொல்மாற்றும் மென்பொருளில் கட்டுரையைப் போட்டு எடுக்கிறார்கள். 2021இல் ஆய்வாளர்கள் இப்படிச் சிதைந்த சொற்களைத் தொகுத்தபோது 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது, 'பிக் டேட்டா' 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. சோதனை மென்பொருள் ஏமாந்துவிடும். படிக்கிற மனிதர் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார்.

காப்புரிமைக் கணக்கிலும் ஒரு கண் வையுங்கள். விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் பொதுவாக எந்த விண்ணப்பமும் வெளியிடப்படும். அது வழங்கப்பட்டதாக அர்த்தமில்லை. வெறும் கணினி நிரலுக்கோ அல்காரிதத்துக்கோ நம் சட்டத்தின் 3(கே) பிரிவு காப்புரிமை தருவதில்லை என்பதும் நம் துறையில் பலர் விண்ணப்பித்த பிறகு கேள்விப்படும் செய்தி.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய தவறு, மென்பொருளையும் தரவுத்தொகுப்பையும் பட்டியலில் சேர்க்காமலே விடுவது. தாளில் அதற்கு நெடுவரிசையே இருக்காது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இன்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரி 22 இந்திய மொழிகளைக் கையாள்கிறது, யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம். அதைக் 'கட்டுரை: 1' என்று எழுதி முடித்துவிட முடியுமா? பல துறைகளில் நிரல் பட்டம் முடித்த மாணவரின் சொந்த கிட்ஹப் (நிரல் சேமிக்கும் தளம்) கணக்கில் கிடக்கிறது. அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் கணக்கைத் துடைத்தால் துறையின் மூன்று வருட உழைப்பு அதோடு போயிற்று. செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ என்ற களஞ்சியத் தளத்தில் ஒரு பிரதியை ஏற்றினால் அதற்கும் டி.ஓ.ஐ. கிடைக்கும். கால் மணி நேர வேலை.

தாளை அனுப்புவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரியைத் தேர்ந்தெடுத்து, சுட்டியைச் சொடுக்கிப் பாருங்கள். நான் முதல் வருடம் பார்த்தபோது மூன்று திறக்கவே இல்லை. நான்காவது திறந்தது. தலைப்புக்கு மேலே சிவப்பில் 'ரிட்ராக்டட்' (திரும்பப் பெறப்பட்டது) என்று இருந்தது. எழுதியவரைப் போய்க் கேட்டேன். "அப்படியா? எப்போ?" என்றார்.