மனசாட்சி வாக்கில் ஒரு மசோதாவைக் கரைசேர்ப்பது எப்படி: டேவிட் சீமோர் நடந்த வழி

மருத்துவ உதவியுடன் இறப்பதற்கு இடமளிக்கும் சட்டத்தைத் தாமாக முன்வந்து கொண்டுவரப் பல அரசுகள் தயங்குவதால், அந்தச் சுமை பல நாடுகளில் தனி உறுப்பினர் ஒருவரின் தோளில்தான் வந்து விழுகிறது. நியூசிலாந்தில் 1995இலும் 2003இலும் இத்தகைய மசோதாக்கள் தொடக்கக் கட்டத்திலேயே தோற்றன. ஆக்ட் கட்சியின் ஒரே உறுப்பினராக 2014இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த டேவிட் சீமோர், 2015இல் முன்வைத்த மசோதாவை 2019இல் நிறைவேற்றினார். இதே வேலையை எங்கேனும் மேற்கொள்ள எண்ணும் உறுப்பினரும், அவருக்குத் துணைநிற்கும் இயக்கத்தாரும், அவர் நடந்த வழியைக் கவனித்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் காத்திருக்கப் பழக வேண்டும். அங்கே அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் குலுக்கலில்தான் விவாதத்துக்கு வருகின்றன. மசோதாக்களின் எண்கள் இட்ட வில்லைகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள் என்பது வேடிக்கைக்குச் சொன்னதல்ல, நடைமுறையே அதுதான். சீமோரின் மசோதா 2017 ஜூனில்தான் வெளியே வந்தது. அமைச்சராகிவிட்டால் தனிநபர் மசோதாவைத் தம் பெயரில் வைத்திருக்க முடியாது என்பதால், 2016இல் தேடிவந்த அமைச்சர் பதவியை அவர் மறுத்தார். பதவியா, மசோதாவா என்ற கேள்வி எழும் நாளுக்கு முன்பே அதற்கான விடையைத் தமக்குள் தீர்மானித்துக்கொள்ளாதவர் இந்தப் பாதையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது கணக்கு, உண்மையில் வேலை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. உறுப்பினர் தம் மனம் சொல்வதன்படி அளிக்கும் மனசாட்சி வாக்கில் பெரும்பாலான கட்சிகளின் கொறடா உத்தரவு இருக்காது; ஆகவே அவையின் எல்லா உறுப்பினர்களிடமும் (சீமோரின் அவையில் அன்று 120 பேர்) தனித்தனியாகப் பேசி, யார் உறுதி, யார் ஊசல், ஊசலாடுபவரை எது தடுக்கிறது என்று ஒரு பதிவேட்டில் குறித்து, அதை வாரந்தோறும் திருத்திக்கொண்டே வர வேண்டும். மூன்று கட்ட வாக்கெடுப்புகளில் முதலாவதான முதல் வாசிப்பில் கிடைத்த வெற்றியை நம்பி இருந்துவிடக் கூடாது. சீமோருக்கு 2017 டிசம்பரில் 76க்கு 44 என்று கிடைத்த ஆதரவு, 2019 ஜூனில் இரண்டாம் வாசிப்பில் 70க்கு 50 ஆகி, நவம்பரில் நடந்த இறுதி வாசிப்பில் 69க்கு 51 என்று நின்றது. பிரிட்டனில் கிம் லெட்பீட்டர் கொண்டுவந்த மசோதாவும் மக்களவையில் 2024 நவம்பரில் 55 வாக்கு வித்தியாசத்திலும், 2025 ஜூனில் 23 வாக்கு வித்தியாசத்திலும் தேறியது. விவரங்கள் வெளிச்சத்துக்கு வர வர ஆதரவு கரையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வதே விவேகம்.

அந்த 69இல் ஒன்பது, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியினுடையவை. பொது வாக்கெடுப்புக்கு விட்டால்தான் ஆதரிப்போம் என்பது அவர்களது நிபந்தனை. அந்த ஒன்பதும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் 60க்கு 60. சமநிலை என்றால் மசோதா தோற்றது என்பதே அவை விதி. பசுமைக் கட்சியின் எட்டு வாக்குகளுக்கு வேறொரு விலை இருந்தது. குணமாகாத கடும் உடல்நிலை உள்ளோருக்கும் உரிமை தந்த முதல் வரைவு மாற்றுத்திறனாளிகளிடையே எழுப்பிய அச்சத்தை முன்னிட்டு, ஆறு மாதத்துக்குள் உயிர் பிரியக்கூடிய நோயாளிகளோடு அதை நிறுத்த வேண்டும் என்று அக்கட்சி கேட்டது. சீமோர் இரண்டுக்கும் இணங்கினார். தாம் எழுதிய பிரிவைத் தாமே வெட்டுவது தோல்வி அல்ல. ஆனால் அதற்கு விலை இல்லை என்று நடிப்பதும் நேர்மை அல்ல. மெல்ல மெல்ல உடலை முடக்கி ஆண்டுக்கணக்கில் வதைக்கும் நோயுடையோர் பலர், யாருக்காக இந்தப் போராட்டம் தொடங்கியதோ அவர்களே, வாசலுக்கு வெளியே நின்றுபோனார்கள்.

மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நீதிக் குழுவுக்கு வந்த 39,000க்கும் மேற்பட்ட மனுக்களில் சுமார் 90 விழுக்காடு மசோதாவை எதிர்த்தன. ஆனால் 2020 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் 65.1 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். மனுக்களின் எண்ணிக்கையை மக்கள் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; எனினும் அவற்றின் உள்ளடக்கத்தை வரிக்கு வரி படித்தாக வேண்டும், ஏனெனில் ஊசலாடும் உறுப்பினரின் மனத்தில் இருக்கும் அச்சங்கள் பெரும்பாலும் அங்கேதான் எழுத்தில் கிடைக்கும். முதியோர் மீது குடும்பத்தாரின் மறைமுக அழுத்தம் என்பது அவற்றில் முதன்மையானது. நோயாளி தாமாகக் கேட்காமல் மருத்துவர் இப்பேச்சை எடுக்கக் கூடாது, இரு மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட வேண்டும், மனத்தெளிவில் ஐயம் இருந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், மனசாட்சி ஒப்பாத மருத்துவர் விலகிக்கொள்ளலாம் என்ற விதிகளை, அச்சத்தை வெளியிடுபவரிடம் நேரில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, சட்டத்துக்குள்ளேயே மறுஆய்வுப் பிரிவு ஒன்றை எழுதிவிடுங்கள். 2021 நவம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்த நியூசிலாந்துச் சட்டம், மூன்றாண்டுகளுக்குள் சுகாதார அமைச்சகம் அதை ஆராய வேண்டும் என்று கட்டளையிட்டது. வாக்குகளுக்காக வெட்டிய ஆறு மாத வரம்பைப் பற்றி மீண்டும் முறைப்படி கேட்பதற்கு அந்தப் பிரிவு இடம் தருகிறது.