முயலுக்கு அடிக்கடி சுகமில்லாமல் போகிறதா? நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு முயலின் பெயர் பஞ்சு. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது இரண்டு மாதக் குட்டி. மூன்றாவது வயதில், ஒரே வருடத்தில் நான்கு முறை அதற்குச் சுகமில்லாமல் போனது. நான்கு முறையும் ஒரே மாதிரிதான். காலையில் போட்ட புல் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். கூட்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும். புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்து, அப்புறம் நின்றே போகும். ஊசி போட்டால் இரண்டு நாளில் தின்னத் தொடங்கும். நாங்களும் அதோடு மறந்துவிடுவோம். என்ன காரணம் என்று கேட்டால், 'வயிறு சரியில்லை' என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை.

நாங்கள் செய்த பெரிய தவறு அந்த மறதிதான். நான்கும் தனித்தனி நோய் என்று நினைத்தோம். ஆனால் கோளாறு ஒன்றுதான். முயல் நன்றாகத் துள்ளித் திரிந்த நாட்களிலும் அது உள்ளேயே இருந்திருக்கிறது.

வயிறு நின்றுபோவது பெரும்பாலும் தனி நோய் இல்லை. வேறு ஏதோ ஒன்றின் விளைவு. முயலின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்துதான் அதை நகர்த்துகிறது. பல்வலி, காதுவலி, சிறுநீர்ப்பையில் கல், வெயில், பயம் என எது வந்தாலும் முயல் முதலில் தின்பதை நிறுத்தும். தின்னாவிட்டால் குடல் நிற்கும். குடல் நின்றால் காற்று சேர்ந்து வலிக்கும். வலித்தால் இன்னும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடுவது ஆபத்து. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தாலோ, வயிறு திடீரென்று மத்தளம் மாதிரி விறைத்திருந்தாலோ 12 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வயிறு விறைத்திருக்கும்போது வாயில் எதையும் ஊட்டவும் கூடாது. குடலில் அடைப்பு இருந்தால் ஊட்டியதே உயிருக்கு வினையாகிவிடும்.

நோட்டுப் புத்தகம் இல்லாமல் இருப்பது

ஐந்தாவது முறை வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் எழுதத் தொடங்கினேன். சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து, ஞாயிறுதோறும் பஞ்சுவை எடை போட்டேன். முதல் வாரம் 2 கிலோ 50 கிராம். மூன்றாவது வாரம் 1 கிலோ 980. ஆறாவது வாரம் 1 கிலோ 890. இத்தனைக்கும் அந்த ஆறு வாரமும் அதற்கு 'நோய்' எதுவும் இல்லை. தட்டு காலியாகிக்கொண்டுதான் இருந்தது. உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம், அதனால் மெலிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தபோதுதான் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது.

அப்புறம் அது தின்பதை உட்கார்ந்து கவனித்தேன். நீளமான புல்லை ஆசையாக வந்து எடுக்கும். இரண்டு கடி கடிக்கும். தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றுவிட்டு, புல்லைக் கீழே போட்டுவிடும். கொத்தமல்லித் தழையையும் தீவன உருண்டையையும் மட்டும் தின்று முடிக்கும். தாடைக்குக் கீழே உள்ள ரோமம் ஈரமாக ஒட்டியிருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த நோட்டைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கடைவாய்ப் பல்லைப் பாத்தீங்களா?"

முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. கடைவாய்ப் பல்லும் நிற்பதில்லை. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாவிட்டால் ஓரத்தில் ஊசி மாதிரி முள் நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும். உதட்டை விலக்கிப் பார்த்தால் முன்பல் மட்டும்தான் தெரியும், கடைவாய் தெரியாது. காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். சில நேரம் மயக்கம் கொடுத்துத்தான் முழுதாகப் பார்க்க முடியும். 'பல் நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்தப் பல்லைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பஞ்சுவின் இடப்பக்கக் கீழ்ப் பல்லில் இருந்த முள் நாக்கில் புண்ணே போட்டிருந்தது.

எல்லா முயலுக்கும் பல்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நோட்டில் தேதியோடு எழுதினால்தான் உங்கள் முயலுக்கு எது காரணம் என்று பிடிபடும். மழைக்காலத்தில் மட்டும் வருகிறதா, பங்குனி சித்திரை மத்தியானங்களிலா, ரோமம் உதிரும் நாட்களிலா, கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெடிச்சத்தமும் ஒலிபெருக்கியும் கேட்ட மறுநாளா? தீவன மூட்டை மாற்றிய வாரமா? எடை, தின்றது, புழுக்கையின் அளவு, அன்றைய வானிலை ஆகிய நான்கும் எழுதினால் போதும். இரண்டு முயல் சேர்ந்து இருந்தால் புழுக்கை யாருடையது என்று தெரியாது. சந்தேகம் வரும் இரவில் நடுவில் கம்பி வலை வைத்துப் பிரித்துப் பாருங்கள், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

தீனியில் வரும் தவறுகள்

நம் மாவட்டத்தில் வாழைப்பழத்துக்குப் பஞ்சம் இல்லை. மட்டியும் செவ்வாழையும் ஏத்தனும் வீட்டிலேயே குலை குலையாகப் பழுக்கும். முயலும் வாழைப்பழம் என்றால் ஓடி வரும். அதனால் வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் அளவுக்கு மீறிப் பெருங்குடல் முனையில் உள்ள பைக்குள் போனால், அங்கே செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களின் கட்டு குலைந்துபோகும். வாரத்துக்கு ஒருமுறை விரல்நுனி அளவு துண்டு போதும். பிஸ்கட், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம்.

தீனியில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். டிமோத்தி புல் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் அருகம்புல்லையும் கினியாப் புல்லையும் நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். பொடியாக நறுக்கிப் போடாதீர்கள், நீளமாகப் போட்டால்தான் பல் தேயும். கடையில் கிடைக்கும் தீவன உருண்டை பெரும்பாலும் பண்ணை முயல் சீக்கிரம் எடை கூடுவதற்காகத் தயாரித்தது. 2 கிலோ எடையுள்ள வீட்டு முயலுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம். அகத்திக்கீரையும் குதிரை மசாலும் நல்லவைதான், ஆனால் சுண்ணாம்புச்சத்து அதிகம். முயல் தின்ற சுண்ணாம்புச்சத்தில் மிஞ்சியது சிறுநீர் வழியாகவே வெளியேறும். சிறுநீர் வெள்ளைச் சாந்து மாதிரி கெட்டியாகப் போனால் அவற்றைக் குறைக்க வேண்டும்.

புல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ரப்பர் தோட்டங்களில் மழைக்கு முந்தி தாமிர மருந்து தெளிப்பார்கள். களைக்கொல்லி அடிப்பதும் உண்டு. வாழைக்குக் குருணை மருந்து வைத்திருப்பார்கள். அந்த இடத்துப் புல் வேண்டாம். இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் புளிக்கும், அதையும் போடக் கூடாது. ஆட்டுக்கு வாட்டிக் கொடுக்கிறோமே என்று மரச்சீனி (மரவள்ளி) இலையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, முயலுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. இரவிலோ விடியற்காலையிலோ முயல் குனிந்து பின்பக்கத்திலிருந்து எதையோ எடுத்து விழுங்கும். சின்னத் திராட்சைக் குலை மாதிரி, பளபளப்பாக, மெத்தென்று இருக்கும் புழுக்கை அது. அருவருப்பு என்று தடுக்காதீர்கள். அதில்தான் பி வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. அதைத் தின்னாமல் விட்டு, பின்பக்கத்தில் அப்பிக்கொண்டு திரிந்தால் கவனிக்க வேண்டும். பலர் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும் தீனியில் மாவுச்சத்து கூடியிருக்கும், அல்லது உடம்பு பருத்தோ முதுகு வலித்தோ குனிய முடியாமல் இருக்கும்.

வெயிலும் ஈரமும்

வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தகரத்துக்குக் கீழேயோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ கூடு வைப்பது பெரிய கொடுமை. தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள், அது சாய்ந்து படுத்துக்கொள்ளும். காதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். குளிப்பாட்டக் கூடாது.

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. அந்த மாதங்களில் குட்டிகளுக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தக் கழிச்சல் நோயை நினைக்க வேண்டும். புழுக்கையில் வெளியேறும் அந்தக் கிருமியின் முட்டை ஈரத்தில் ஓரிரு நாளில் முற்றினால்தான் தொற்றும். அதனால் தினமும் புழுக்கையை அள்ளி, தரையை உலர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. பினாயிலுக்கு அது சாகாது, கொதிநீருக்குச் சாகும். முயலை வேறு இடத்தில் விட்டுவிட்டு ஊற்றுங்கள். மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது என்றால் தவறு பெரும்பாலும் தரையில்தான் இருக்கும்.

கை வைத்தியமும் மிச்ச மருந்தும்

பஞ்சு முதல்முறை படுத்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "மக்களே, ஓமத் தண்ணி கொஞ்சம் குடு, சரியாப் போவும்" என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து அலமாரியில் இருந்தது, குழந்தைக்குக் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த அமாக்சிசிலின் சிரப். நல்ல வேளையாகக் கொடுக்கவில்லை. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளின்டமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாய்வழி கொடுக்கவே கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கெட்டவை பெருகி, நச்சு உண்டாகி, சில நாளில் முயல் இறந்துபோகலாம். நாய்க்கு உண்ணி போக விடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். நாயும் முயலும் ஒரே வீட்டில் இருந்தால், நாய்க்கு அதைப் பூசிய அன்று இரண்டையும் சேரவிடாதீர்கள்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் நோய் திரும்புவதற்கு ஒரு காரணம். தலை ஒருபக்கம் சாய்ந்து தள்ளாடும் முயலுக்கு, நரம்பைத் தாக்கும் ஒட்டுண்ணி என்று சந்தேகித்தால் பொதுவாக 28 நாள் மருந்து எழுதுவார்கள். பத்தாவது நாள் தலை நிமிர்ந்ததும் விட்டுவிடக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான் வரும். முயலை அதிகம் பார்த்திராத மருத்துவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவசரத்துக்கு வலி குறைக்கவும் நீர்ச்சத்து ஏற்றவும் அவரே கைகொடுப்பார். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோவது நல்லது. போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கடைவாய்ப் பல், வயிற்று எக்ஸ்ரே, புழுக்கையை நுண்ணோக்கியில் பார்ப்பது ஆகிய மூன்றையும் கேளுங்கள். கருத்தடை செய்யாத பெண் முயல் மூன்று வயதைத் தாண்டியிருந்தால் கருப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே புற்றுநோய் வருவது அதிகம். சிறுநீர் சிவப்பாக இருந்தால் உடனே பதற வேண்டாம். சில இலைகளைத் தின்றாலும் அந்த நிறம் வரும். ரத்தமா என்று சோதித்தால் தெரிந்துவிடும்.

மயக்க மருந்து என்றதும் முந்தின இரவே பட்டினி போடுகிறவர்கள் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் உள்ள வழக்கம் அது. முயல் வாந்தி எடுக்காது என்பதால் அதற்கு நீண்ட பட்டினி தேவையில்லை, பட்டினி போட்டால் குடல் நின்றுபோகும். அது பழகிய புல்லையே ஒரு பை நிறைய எடுத்துப் போங்கள். வழியிலும் போடலாம், மயக்கம் தெளிந்ததும் போடலாம். அன்றைய புழுக்கையை ஒரு கவரில் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் புறப்படுங்கள்.

பஞ்சுவுக்கு இப்போது ஏழு வாரத்துக்கு ஒருமுறை பல்லைச் சீவிவிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எடை 2 கிலோ 30 கிராம்.