வேஸ்ட் பொருள்ல சிலை செய்யணுமா? மொதல்ல அந்த கோல்டு ஸ்ப்ரேவ ஓரமா வைங்க

'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டினு பிள்ளை ராத்திரி 9 மணிக்குதான் சொல்லும், உடனே நாம கடைக்கு ஓடி தெர்மாகோல், சார்ட், க்ளிட்டர், கோல்டு ஸ்ப்ரே எல்லாம் புதுசா வாங்கிட்டு வருவோம். குப்பைல செய்யுற போட்டிக்கு 400 ரூபாய்க்கு ஷாப்பிங்! நானும் பண்ணிருக்கேன், அதான் சொல்றேன்.

'மயில் செய்யலாம்'னு முன்னாடியே முடிவு பண்ணாதீங்க. வீட்ல கெடக்கறத எல்லாம் தரையில கொட்டுங்க, கொட்டாங்குச்சி, அறுந்த ஹவாய் செருப்பு, ஷாம்பு டப்பா, தேஞ்ச பிரஷ், தீந்துபோன பேனா, பத்தலன்னா காயலான் கடைக்கு ஒரு நடை போயி சைக்கிள் செயின், ஸ்பிரிங், பழைய பூட்டுனு கொஞ்சம் அள்ளிட்டு வாங்க. அப்புறம் பிள்ளைகிட்ட இது எத மாதிரி இருக்குனு கேளுங்க. செயின் முதலை முதுகு மாதிரி இருக்கும், கொட்டாங்குச்சி ஆமை ஓடு. ஓவியர் பிக்காசோ 1942ல செஞ்ச காளைத் தலை என்னனு நெனச்சீங்க, ஒரு சைக்கிள் சீட்டு, ஒரு ஹேண்டில்பார், அவ்ளோதான்.

சிலைக்கு உள்ள நிக்கற எலும்புக்கூடு கட்டுக்கம்பில. ஹார்டுவேர் கடைல கிடைக்கும், கட்டடம் கட்டுற எடத்துல துண்டு கேட்டாலே குடுத்துடுவாங்க. ஒத்தைக் கம்பி வளையும், ரெண்டா முறுக்கிக்கோங்க. அடிப்பாகம் கனமா இருக்கணும், மணல் ரொப்புன பாட்டில் போதும், இல்லன்னா ஃபேன் காத்துக்கே சாஞ்சிடும்.

உடம்புக்கு பேப்பர் கூழ். நம்ம பாட்டிங்க ஊறவெச்ச பேப்பரையும் வெந்தயத்தையும் சேத்து அரைச்சு பானை மேல அப்பி கூடை செய்வாங்களே, அதே டெக்னிக்தான். ரெண்டு நாள் ஊறட்டும், நல்லா புழிஞ்சு அரைங்க, மெல்லிசா அப்பி காய வெச்சு அது மேல அடுத்த லேயர். தடிமனா ஒரேடியா அப்புனா வெளிய காஞ்சிருக்கும், உள்ள ஈரம் அப்படியே நின்னு பூஞ்சை புடிக்கும். ஐப்பசி மழைல இத ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

ஒட்டுறதுலதான் பாதி பேர் கோட்டை விடுறது. தெர்மாகோலுக்கு ஃபெவிகால் மாதிரி தண்ணி கலந்த பசை மட்டும்தான், செருப்பு ஒட்டுற சொல்யூஷன் போட்டா அரிச்சு குழி விழும். ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான். என் பொண்ணு செஞ்ச யானைக்கு போட்டிக்கு மொத நாள் நைட்டு நான் கோல்டு அடிச்சேன், கண்ணு முன்னாடியே தும்பிக்கை கரைஞ்சு உள்ள போச்சு, அவ அழுத அழுகை இருக்கே. பாட்டில் வழவழன்னு இருக்கறதால பெயிண்டும் நிக்காது பசையும் நிக்காது, உப்புத்தாள் போட்டு தேய்ச்சுட்டு ஒட்டுங்க. க்ளூ கன் சூட்டுக்கு மெல்லிசு பிளாஸ்டிக் சுருங்கிடும். என்னக் கேட்டா ஒட்டுறத விட ஓட்டை போட்டு கம்பியால கட்டுறதுதான் பெஸ்ட், ஓட்டை மட்டும் பெரியவங்க போட்டு குடுங்க. இரும்புக்கு எம்-சீல். உடைஞ்ச டியூப்லைட், பழைய பேட்டரி, ஊசி இதெல்லாம் கிட்டயே வேணாம், பிளாஸ்டிக்க தீல காட்டி வளைக்கவும் கூடாது.

இப்ப கலர். மொத்தமா கோல்டு அடிச்சுட்டா அது கடைல வாங்குன பொம்மைதான், எந்தக் குப்பைல செஞ்சீங்கனு ஜட்ஜுக்கு எப்படி தெரியும்? சண்டிகர்ல நேக் சந்த்னு ஒருத்தர் 1957ல யாருக்கும் தெரியாம குப்பைல செய்ய ஆரம்பிச்ச ராக் கார்டன்ங்கற சிலைத் தோட்டத்துல உடைஞ்ச வளையல் வளையலாவே தெரியும், ஓடு ஓடாவே தெரியும், அதப் பாக்கத்தான் இன்னைக்கும் அவ்ளோ கூட்டம். செருப்பு செருப்பாவே இருக்கட்டும், கண்ணுக்கு மட்டும் ஒரு புள்ளி கலர் வைங்க. பாட்டில் மூடிக்கே செவப்பு நீலம்னு கலர் இருக்கே.

ஜட்ஜ் 'நீயாம்மா செஞ்ச?'னு கேப்பாங்க, அப்ப பிள்ளை நம்மள திரும்பி பாத்துச்சுனா முடிஞ்சுது. அதனால கோணலா இருந்தாலும் பிள்ளை கட்டுன கட்ட அவுத்துட்டு நீங்க கட்டாதீங்க.

சைஸ் ரூல் பாத்துக்கோங்க, ஆட்டோக்குள்ள நுழையுமானும் பாத்துக்கோங்க. நுழையலன்னா தலை தனியா, உடம்பு தனியா கழட்டுற மாதிரி செய்ங்க. பையில ஒரு கட்டிங் பிளேயர், ரெண்டு முழம் கம்பி, ஒரு ஃபெவிக்விக் கண்டிப்பா இருக்கணும், ஸ்கூல் கேட்டுகிட்டதான் வால் கழண்டு விழும்.