பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது லெதர் இன்டீரியரைச் சோதிப்பது எப்படி?

இன்ஜின், கிளட்ச், பிரேக், துரு இதையெல்லாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்த பிறகு எதைப் பார்ப்பது என்றுதான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. "சீட் கிழியலையே, அப்ப சரிதான்" என்று முடித்துவிடுகிறார்கள். நான் கார் தேடிய நாட்களில் இதை ஒவ்வொன்றாக நானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த முறையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லெதர் இருக்கிறது என்பதற்காக அதிகப் பணம் தராதீர்கள். லெதர் இல்லை என்பதற்காக நல்ல காரை விட்டுவிடவும் வேண்டாம். 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-இல் சீட்டுக்குத் துணி உறைதான். உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறு மட்டும் தொங்கும். ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரின் ரெகாரோ நிறுவன சீட்டும் துணிதான். அதனால் அந்தக் கார்களை யாரும் மட்டமாக நினைப்பதில்லை.

ஆனால் லெதர் இருந்தால் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். இன்னொன்று, சீட்டில் இருக்கும் லெதரும் டேஷ்போர்டில் இருக்கும் லெதரும் ஒன்றல்ல. சீட் கெட்டால் சரிசெய்துவிடலாம். டேஷ்போர்டு கெட்டால் செலவு கையைக் கடிக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை

தலையில் மாட்டும் எல்இடி டார்ச், வெள்ளைப் பருத்தித் துணி, சிறு பாட்டிலில் தண்ணீர். இவ்வளவுதான். போன் டார்ச் வேண்டாம். சீட்டுக்கு அடியில் குனியும்போது இரண்டு கையும் வேண்டும். துணி கட்டாயம் வெள்ளையாக இருக்கட்டும். நிறமுள்ள மைக்ரோஃபைபர் துணியில் ஒட்டியிருப்பது எந்தச் சாயம் என்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் நிறுத்தி வைத்த காரில் நிற வேறுபாடு எதுவும் கண்ணுக்குப் படாது.

படி 1: எது லெதர், எது ரெக்சின்?

"லெதர் சீட்" என்று விற்கப்படும் பெரும்பாலான சீட்டுகளில் உடம்பு படும் முகப்பு மட்டும்தான் லெதர். முதுகுப் பின்பக்கமும் ஓரங்களும் ரெக்சின். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழிற்சாலையிலேயே அப்படித்தான் தைக்கிறார்கள். மெர்சிடிஸின் எம்பி-டெக்ஸ், பிஎம்டபிள்யூவின் சென்சாடெக் இரண்டும் முழுக்கவே செயற்கை. மெத்தென்ற சூயிட் தோல் போலத் தெரியும் அல்கன்டாராவும் தோல் அல்ல. 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ கண்டுபிடித்த பாலியெஸ்டர், பாலியூரித்தேன் கலவை அது.

கட்டைவிரலால் அழுத்தினால் லெதரில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவும். கனமான பூச்சுள்ள லெதரில் இதுகூடச் சரியாகத் தெரியாது. அதனால் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, உறையின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். லெதர் என்றால் அடிப்பக்கம் பஞ்சு போலப் பிசிறாக இருக்கும். ரெக்சின் என்றால் நெய்த துணி தெரியும். வாசனையை நம்பாதீர்கள். லெதர் வாசனை ஸ்ப்ரேயாகவே கிடைக்கிறது.

பழைய போர்ஷே என்றால் சர்வீஸ் புத்தகத்திலும் முன் மூடிக்கு அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள குறியீடுகளைத் தேடிப் பார்த்தால், லெதர் தொழிற்சாலையிலிருந்தே வந்ததா, பிறகு மாற்றியதா என்று தெரிந்துவிடும்.

படி 2: டிரைவர் சீட்டின் கதவோரத் திண்டு

ஸ்போர்ட்ஸ் காரில் சீட் தாழ்வாக இருக்கும், பக்கத் திண்டு உயர்ந்து நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை அதன்மேல் உரசியே ஆக வேண்டும். முதலில் தேய்வது இந்த இடம்தான். அங்கே லேசான தேய்மானம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தைக்கலாம்.

பார்க்க வேண்டியது பொருத்தம். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறது, திண்டோ உள்ளே ஃபோம் அமுங்கிச் சரிந்து கிடக்கிறது என்றால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். உடனே பிரேக் பெடல் ரப்பர், கியர் குமிழ், ஸ்டீயரிங் மூன்றையும் பாருங்கள். நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

ஸ்டீயரிங் பளபளப்பாக இருந்தால் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அது கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்குத்தான். ஈரத்துணியால் ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள். மங்கலான மேற்பரப்பு திரும்பி வந்தால் வெறும் அழுக்கு. துடைத்த பிறகும் வழவழவென்று, தோலின் நுண்வரிகளே இல்லாமல் இருந்தால் பூச்சு போய்விட்டது.

படி 3: சாயம் பூசிய சீட்டைக் கண்டுபிடிப்பது

எனக்குப் பிடிபட அதிகக் காலம் எடுத்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் லெதரில் பெரும்பாலும் நிறம் மேற்பரப்பில்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு. ஆகவே விரிசலை நிரப்பி, தேய்த்து, புதுச் சாயம் அடித்துவிட்டால் புகைப்படத்தில் புது சீட் போலவே தெரியும். சாயம் பூசுவது தவறான வேலை அல்ல. கைதேர்ந்தவர் செய்தால் நன்றாகவே உழைக்கும். விற்பவர் அதைச் சொல்லாமல் மறைத்தால்தான் யோசிக்க வேண்டும். தேய்மானத்தை மறைத்தவர் கிலோமீட்டரையும் மறைத்திருக்கலாம்.

தையல் நூலைப் பாருங்கள். ஒருமுறை கறுப்பு சீட், சிவப்புத் தையல் உள்ள ஒரு காரைப் பார்த்தேன். பயணி சீட்டில் நூல் மிளகாய்ப்பழச் சிவப்பு. டிரைவர் சீட்டின் கதவோரத் திண்டில் மட்டும் அதே நூல் கருஞ்சிவப்பாக, முறுக்கு தெரியாமல் மொழுக்கென்று இருந்தது. நூலின் பள்ளத்திலெல்லாம் சாயம் இறங்கி உறைந்திருந்தது. தோலைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. நூல் காட்டிக்கொடுத்துவிட்டது.

நூலும் கறுப்பு, சீட்டும் கறுப்பு என்றால் இரண்டு கட்டைவிரலாலும் தையல் மடிப்பை விரித்து டார்ச் அடியுங்கள். மடிப்பின் அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். சீட் சாய்க்கும் பிளாஸ்டிக் பிடி, பெல்ட் கொக்கி, சீட் ஓரத்து மூடி இவற்றில் பொடிப்பொடியாகச் சாயத்துளிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியாக வெள்ளைத் துணி. விற்பவரிடம் கேட்டுவிட்டு, மறைவான இடத்தில் ஈரத்துணியால் தேயுங்கள். சீட்டின் நிறமே துணியில் ஏறினால் மட்டமான சாயம். நாளைக்கு உங்கள் சட்டையிலும் ஏறும். பழுப்புச் சாம்பலாக வந்தால் வெறும் அழுக்கு.

படி 4: டேஷ்போர்டு

மேலே லெதர் போர்த்திய டேஷ்போர்டு பார்க்க அழகுதான். ஆனால் கண்ணாடி வழியாக வெயில் நேராக அதன்மேல்தான் விழுகிறது. காய்ந்து காய்ந்து தோல் சுருங்கும். முன்கண்ணாடியின் அடியோரம், ஏசி துவாரங்களைச் சுற்றி, பயணி ஏர்பேக் மூடியின் விளிம்பு ஆகிய இடங்களில் பசை விட்டு மேலெழும். ஃபுல் லெதர், அதாவது டேஷ்போர்டுக்கும் சேர்த்து லெதர், எடுத்த போர்ஷே 996, 997 கார்களில் இது பலரும் அறிந்த தொல்லை.

கண்ணாடியோரம் தலையைச் சாய்த்து, டார்ச்சைப் படுக்கை வசமாக அடியுங்கள். குமிழும் இடைவெளியும் நிழலாகத் தெரியும். விரலை விளிம்போடு ஓட்டிப் பாருங்கள். தூக்கியிருந்தால் ஒட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சுருங்கிய தோல் நீளாது. சரியாகச் செய்ய டேஷ்போர்டைக் கழற்றிப் புதுத்தோல் போர்த்த வேண்டும். ஏர்பேக் மூடி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி வடிவமைத்தது. கண்டபடி தோல் போர்த்தினால் ஏர்பேக் சரியாக வெளிவராது.

வெயிலில் நின்ற பழைய கார் என்றால், என் விருப்பம் லெதர் சீட்டும் சாதாரண பிளாஸ்டிக் டேஷ்போர்டும் உள்ள கார்தான். ஃபுல் லெதர் காரைவிட அதையே எடுப்பேன்.

ஃபெராரி 360, எஃப்430 பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பட்டன்கள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த மென்மையான மேற்பூச்சு காலப்போக்கில் இளகிவிடுவதுதான் காரணம், முந்தைய உரிமையாளரின் குற்றம் அல்ல. சுரண்டி எடுத்துப் புதுப்பூச்சு கொடுக்கலாம். விலை பேசும்போது சொல்லுங்கள்.

படி 5: ஈரம்

கூரை திறக்கும் கார் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. தண்ணீர் வடியும் துளைகள் இலைச்சருகால் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, தோலின் கீழோரத்தில் வெள்ளைக் கறை, பூஞ்சை வாடை மூன்றும் ஈரத்தின் அடையாளம். போர்ஷே பாக்ஸ்டர் 986-இல் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) கன்ட்ரோல் யூனிட் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.

வாங்கிய பிறகு

கண்டிஷனர் டப்பாக்களை அடுக்க வேண்டாம். மேலே பூச்சு இருப்பதால் எண்ணெய் உள்ளே அவ்வளவாக இறங்காது. அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். குதிரைமுடி பிரஷ், லெதருக்கான மிதமான கிளீனர், ஈரத்துணி போதும். அழுக்கழிப்பான் என்று விற்கும் மெலமைன் பஞ்சை லெதர் பக்கமே கொண்டுவராதீர்கள். அது மெல்லிய உப்புத்தாள் மாதிரி பூச்சையே தேய்த்து எடுத்துவிடும். நிறுத்தும்போது கண்ணாடிக்கு வெயில் மறைப்பு போடுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தது)

"சீட்டை வெளியில் புதிதாகத் தைத்திருக்கிறார்கள், வாங்கலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஓரத்துத் தையல் பிரியும்படி பலவீனமான நூலால் போட்டிருக்க வேண்டும். தைத்தவருக்கு அது தெரியுமா என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள். அதே காரணத்தால் அந்த சீட்டுக்குச் சாதாரண சீட் கவரும் போடக் கூடாது.

பக்கெட் சீட் (உடம்பை இருபுறமும் இறுகப் பிடிக்கும் பந்தயக் கார் மாதிரி சீட்) மாற்றிய கார் என்றால் பழைய சீட்டுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிறகு சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். விளக்கையே யாராவது செயலிழக்கச் செய்திருக்கலாம்.

சீட் ஹீட்டரை மறந்துவிட்டதாக ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார். இரண்டு சீட்டிலும் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தாலோ, ஓரிடம் மட்டும் சுட்டாலோ உள்ளே கம்பி போய்விட்டது. முழங்காலை ஊன்றி ஏறிய சீட்டில் இது வரும். மாற்ற வேண்டுமானால் உறையைக் கழற்ற வேண்டும். ஆகவே திண்டுத் தையல் வேலையும் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.